பிஸ்டோரியஸை என் தம்பி கைவிட்ட நாள்

என் தம்பிக்கு வலது முழங்காலுக்குக் கீழே கால் இல்லை. தென்னாப்பிரிக்க ஓட்டவீரர் ஆஸ்கர் பிஸ்டோரியஸ் எங்களுக்கு யாராக இருந்தார் என்பதற்கு இது போதும். 11 மாதக் குழந்தையிலேயே இரண்டு கால்களும் அகற்றப்பட்டவர், 2012 லண்டன் ஒலிம்பிக்கில் கால் உள்ளவர்களோடு செயற்கைக் கால்களில் 400 மீட்டர் ஓடினார். முதல் சுற்றில் 45.44 விநாடி. அரையிறுதியில் கடைசியாகத்தான் வந்தார். ஆனால் முடிந்ததும் உலக சாம்பியன் கிரானி ஜேம்ஸ் நேரே அவரிடம் போய், நெஞ்சில் குத்தியிருந்த பெயர் அட்டையைக் கேட்டு மாற்றிக்கொண்டார். தம்பி அந்தக் காட்சியை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பான்.

ஆறே மாதம். 2013 பிப்ரவரி 14 அதிகாலை, பிரிட்டோரியாவில் தன் வீட்டில், பூட்டியிருந்த கழிவறைக் கதவை நோக்கி நான்கு முறை சுட்டார். உள்ளே இருந்தவர் அவருடைய காதலி ரீவா ஸ்டீன்காம்ப். வயது 29, சட்டம் படித்தவர், மாடல்.

திருடன் என்று நினைத்ததாகச் சொன்னார். ரசிகர்கள் பலர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். திருடனாகவே இருக்கட்டும், கதவுக்கு அந்தப் பக்கம் ஒதுங்கி நிற்கிற ஆளை நான்கு முறை சுடலாமா? 2015 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னதும் இதுதான்: உள்ளே யார் என்பது பொருட்டல்ல, அங்கே ஒருவர் இருக்கிறார், செத்துப்போகலாம் என்று தெரிந்தே சுட்டார், இது கொலை. அந்தக் கொலைக்குத் தண்டனை முதலில் 6 ஆண்டு சிறை, பிறகு 2017-ல் 13 ஆண்டு 5 மாதம்.

ஆனால் தம்பி மனசு விட்டது தீர்ப்பு நாளில் இல்லை. 2016 ஜூனில் தண்டனை விசாரணையின்போது பிஸ்டோரியஸ் செயற்கைக் கால்களைக் கழற்றிவிட்டு, நீதிமன்றத்தில் எல்லோர் முன்னாலும் நடந்து காட்டினார். எவ்வளவு பலவீனமான மனிதர் பாருங்கள் என்பது வக்கீலின் வாதம். தம்பி டிவியை அணைத்தான். "பரிதாபப்படாதீங்கன்னு சொல்லித்தானே இவர் இத்தனை வருஷம் ஓடினார்? இப்ப எதுக்கு இதைக் காட்டுறாரு? நானும்தான் ராத்திரி காலைக் கழட்டி வச்சுட்டுத் தூங்குறேன். அதுக்காக யாரையாவது சுடுவேனா?" அவ்வளவு கோபத்தில் அவனை நான் பார்த்ததில்லை. அவன் கோபம் முழுக்க நியாயம்.

2024 ஜனவரியில் பரோலில் வெளியே வந்தபோது, "பாவம், எப்படி இருந்த மனுஷன்" என்று எழுதியவர்களைப் பார்க்கையில் எனக்குத் தாங்கவில்லை. ஒரு பெண்ணின் சாவு இவர்களுக்கு வீரர் வாழ்க்கையில் வந்த சோதனை, அவ்வளவுதான். உண்மையில் ஆயுள் தண்டனை அனுபவிப்பது மிச்சமிருக்கும் நாங்கள்தான் என்று அப்போது சொன்னவர் ரீவாவின் அம்மா. சட்டப்படி வெளியே வந்தவர் வாழட்டும், அதில் எனக்கு ஆட்சேபமில்லை. கைதட்டல் வேறு விஷயம்.

லண்டன் ஓட்டம் பொய்யில்லை. அதைப் பார்த்துத்தான் தம்பி ஓடவே தொடங்கினான். அதை நாங்கள் மறைப்பதில்லை. ஆனால் புதிதாகச் செயற்கைக் கால் பொருத்திக்கொண்ட பிள்ளைகளிடம் அவன் இப்போது முதலில் சொல்வது இன்னொரு தென்னாப்பிரிக்கர் பெயரை: நடாலி டு டாய்ட். விபத்தில் இடது காலை இழந்தவர், 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 10 கிலோமீட்டர் நீந்தி 16-வதாக வந்தார். பிஸ்டோரியஸைப் பற்றி யாராவது கேட்டால் ஓட்டத்தையும் சொல்வான், ரீவாவையும் சொல்வான். ஒன்றை மட்டும் கேட்டுவிட்டு எழுந்து போக யாரையும் விடமாட்டான்.