இரண்டாவது கீப்பர்

ஒரு பெரிய கால்பந்துக் கிளப்பில் வழக்கமாக மூன்று கோல்கீப்பர்கள் இருப்பார்கள். ஆடுவது ஒருவர். மற்றவர்களும் அதே அளவு பயிற்சி எடுப்பார்கள், அதே பஸ்ஸில் ஏறுவார்கள், பெஞ்சில் உட்காருவார்கள், ஆட்டம் முடிந்ததும் எழுந்து போவார்கள். ஸ்ட்ரைக்கருக்கு இந்த நிலைமை கிடையாது. கோல் விழவில்லை என்றால் 60-வது நிமிடத்தில் ஒருவரை வெளியே எடுத்து இன்னொருவரை இறக்கிவிடுவார்கள். கீப்பரை யாரும் அப்படி மாற்றுவதில்லை. பின்கள ஆட்டக்காரர்களுக்கு அவர் குரல் பழகியிருக்கும். "என் பந்து" என்று அவர் கத்தினால் திரும்பிப் பார்க்காமலே விலகுவார்கள். அந்தப் பழக்கத்தைக் குலைக்க எந்தப் பயிற்சியாளரும் தயங்குவார். அதனால் காயமோ, ரெட் கார்டோ, வாரக்கணக்கில் தொடர்ந்த தப்புகளோ இருந்தால்தான் இரண்டாவது ஆளுக்கு வாய்ப்பு. பக்கத்திலேயே நின்று தினமும் பயிற்சி செய்கிற நண்பனுக்குக் கெட்டது நடந்தால்தான் தனக்கு நல்லது நடக்கும். அந்த மனநிலையோடு வருடக்கணக்கில் வேலை செய்வது எவ்வளவு கஷ்டம்!

நான் லீக் அணி ஒன்றில் நீண்ட காலம் இரண்டாவது கீப்பராக இருந்தவன். அதனால் எந்த கீப்பரைப் பார்த்தாலும் நான் முதலில் தேடுவது அவர் பெஞ்சில் இருந்த காலத்தைத்தான்.

மைதானத்துக்குப் போனால் ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரம் முன்பே உட்கார்ந்துவிடுவேன், கீப்பர்களின் வார்ம்-அப் பார்ப்பதற்காக. எல்லாரும் கோலுக்குள் நிற்பவரைப் பார்ப்பார்கள். நீங்கள் அடுத்த முறை பந்து அடித்துக்கொடுப்பவரைப் பாருங்கள். பல நேரம் அது இரண்டாவது கீப்பர்தான். பக்கவாட்டிலிருந்து கோலை நோக்கி உயர்த்தி கிராஸ் போடுவார், பெனால்டி பெட்டியின் விளிம்பிலிருந்து ஷாட் அடிப்பார். அதில் ஒரு கணக்கு இருக்கிறது. முதலில் நேராகக் கைக்கு வருகிற பந்து, அப்புறம் இடுப்பு உயரத்தில் இரண்டு பக்கமும், அப்புறம் விழுந்து பிடிக்க வேண்டிய தரைப்பந்து. கோல் போட்டுவிட வேண்டும் என்று அடிக்கக்கூடாது, சுலபமாகவும் அடிக்கக்கூடாது. நீட்டினால் விரல் எட்டுகிற தூரம் எவ்வளவு என்று கோலில் நிற்பவருக்கும் தெரியும், அடிக்கிறவருக்கும் தெரியும். கடைசிப் பந்தைக் கட்டாயம் நெஞ்சுக்கு நேராக அடிக்க வேண்டும் என்று எங்கள் கோச் சொல்வார். கோலுக்குள் போன பந்தைப் பார்த்துவிட்டு ஒரு கீப்பர் டிரெஸ்ஸிங் ரூமுக்குப் போகக்கூடாது, பிடித்த பந்தோடுதான் போக வேண்டும். தன் இடத்தில் ஆடப்போகிறவனுக்கு அந்தக் கடைசிப் பந்தை ஒழுங்காக அடித்துக்கொடுப்பதில் ஒரு பெருந்தன்மை இருக்கிறது. ஸ்கோர்போர்டில் அது வராது.

அர்ஜென்டினாவின் கீப்பர் எமிலியானோ மார்ட்டினெஸ் என்றால் எல்லாருக்கும் 2022 உலகக்கோப்பை இறுதி ஆட்டம் ஞாபகம் வரும். 3-3 என்று நிற்கிறது, கூடுதல் நேரமும் முடியப்போகிறது, பிரான்ஸின் கோலோ முவானி தனியாக வந்து அடிக்கிறார், இவர் காலை நீட்டித் தடுக்கிறார். எனக்கு அதைவிடப் பெரிய விஷயம் அதற்கு முந்தைய பத்து வருடம். அவர் இங்கிலாந்தின் ஆர்சனல் கிளப்புக்கு வந்தது 2010-இல், 17 வயதில். அதன்பிறகு ஆக்ஸ்ஃபோர்ட், ஷெஃபீல்ட் வெட்னஸ்டே, ரோதரம், வுல்வ்ஸ், ஹெட்டாஃபே, ரெடிங் என்று ஊர் ஊராக லோனில், அதாவது வேறு கிளப்புகளுக்குத் தற்காலிகமாக, அனுப்பினார்கள். ஒவ்வொரு முறையும் புது வீடு, புது பின்களம், தன் குரலை மறுபடியும் பழக்க வேண்டும். திரும்பி வந்தால் அங்கே வேறொருவர் முதல் கீப்பராக இருப்பார்.

2020 ஜூனில் பிரைட்டனுக்கு எதிரான ஆட்டத்தில் ஆர்சனலின் முதல் கீப்பர் பெர்ன்ட் லெனோவுக்கு முழங்காலில் அடிபட்டது. மார்ட்டினெஸ் உள்ளே வந்தார். அப்போது வயது 27. ஆகஸ்ட் முதல் தேதி எஃப்ஏ கோப்பையை வென்று மைதானத்திலேயே அழுதார். செப்டம்பரில் ஆஸ்டன் வில்லா கிளப்புக்குப் போனார். அர்ஜென்டினாவுக்கு முதல் ஆட்டம் 2021 ஜூனில், 28 வயதில். அடுத்த மாதமே தென் அமெரிக்க நாடுகளின் கோப்பையான கோபா அமெரிக்காவின் அரையிறுதியில் கொலம்பியாவின் மூன்று பெனால்டிகளைத் தடுத்தார். லெனோவுக்கு அன்று அடிபடாமல் இருந்திருந்தால்? இந்தக் கேள்வியை என்னால் சுலபமாகத் தாண்ட முடியவில்லை. ஆனால் ஒன்று மட்டும் நிச்சயம்: அந்த ஜூன் மாத மதியத்துக்கு அவர் தயாராக இருந்தார். பத்து வருடம் சொந்த கிளப்பில் பெரும்பாலும் ஆடாமல் பயிற்சி எடுத்து அப்படித் தயாராக இருப்பதுதான் இந்தத் தொழிலின் கடினமான பகுதி.

எல்லாருக்கும் அந்த நாள் வருவதில்லை. ஸ்காட் கார்சன் என்றொரு கீப்பர். 2007 நவம்பரில், 22 வயதில், ஐரோப்பியக் கோப்பையான யூரோவின் தகுதிச்சுற்றின் கடைசி ஆட்டத்தில் இங்கிலாந்து அவரை இறக்கியது. குரோவேஷியாவின் கிராஞ்சார் தூரத்திலிருந்து அடித்த பந்து அவர் கைகளில் பட்டு உள்ளே போனது. இங்கிலாந்து 3-2 என்று தோற்று வெளியேறியது. பலருக்கு அவரைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான். அவர் விடவில்லை. 2021 மே மாதம், 35 வயதில், மான்செஸ்டர் சிட்டிக்காக நியூகாசிலுக்கு எதிராக ஆடினார். இங்கிலாந்தின் முதல் நிலை லீகான பிரீமியர் லீகில் ஏறத்தாழ பத்து வருடத்துக்குப் பிறகு. அன்று நியூகாசிலின் ஜோ வில்லக்கின் பெனால்டியைத் தடுத்தார். திரும்பி வந்த பந்தை வில்லக்கே அடித்து கோலாக்கிவிட்டார். இருந்தாலும் அந்தத் தடுப்பு தடுப்புதான். 2005-இல் லிவர்பூலோடு, 2023-இல் சிட்டியோடு என்று ஐரோப்பியக் கிளப்புகளின் பெரிய கோப்பையான சாம்பியன்ஸ் லீக் வென்ற இரண்டு அணிகளில் அவர் இருந்திருக்கிறார், இரண்டு முறையும் இறுதி ஆட்டத்தில் பெஞ்சில். சிலர் இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். தினமும் அவர் அடித்துக்கொடுத்த பந்துகளில் பயிற்சி எடுத்த கீப்பரைக் கேட்டால் அப்படிச் சிரிக்க மாட்டார்.

வயது விஷயத்தில் மட்டும் இந்த இடம் கொஞ்சம் கருணை காட்டுகிறது. இத்தாலியின் டினோ ஸோஃப் 40 வயதில் கேப்டனாக 1982 உலகக்கோப்பையைத் தூக்கினார். புஃபோன் 17 வயதில் பார்மாவில் தொடங்கி 45 வயதில் அதே பார்மாவில் ஓய்வு பெற்றார். காத்திருக்கிறவனுக்கு இது பெரிய தெம்பு.

உள்நாட்டுக் கோப்பை ஆட்டங்களைப் பல பயிற்சியாளர்கள் இரண்டாவது கீப்பரிடம் கொடுப்பார்கள். நல்ல வழக்கம். ஆனால் இறுதி ஆட்டம் வந்ததும் சிலர் முதல் கீப்பரைத் திரும்பக் கூப்பிட்டுவிடுவார்கள். அது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. இங்கிலாந்தின் 2022 லீக் கோப்பை இறுதியில் லிவர்பூல் பயிற்சியாளர் கிளாப் அதைச் செய்யவில்லை. முதல் கீப்பர் அலிசன் இருந்தும் இரண்டாவது கீப்பர் கெல்லஹரை இறக்கினார். எதிரே செல்சியின் கோலில் எடுவார் மெண்டி. 22 வயதில் எந்தக் கிளப்பும் எடுத்துக்கொள்ளாமல் ஏறக்குறைய ஒரு வருடம் வேலையில்லாமல் இருந்தவர் அவர். அப்புறம் சாம்பியன்ஸ் லீகே வென்றார். ஆட்டம் கோலே இல்லாமல் பெனால்டிக்குப் போகும் நேரத்தில் செல்சி மெண்டியை எடுத்துவிட்டு கெபாவை இறக்கியது. உலகிலேயே அதிக விலைக்கு வாங்கப்பட்டு, பிறகு மெண்டியிடம் இடத்தை இழந்த கீப்பர் கெபா. ஆக, இரண்டு கோலிலும் இரண்டாவது கீப்பர்கள். இருவருமே ஒரு பெனால்டியைக்கூடத் தடுக்கவில்லை. பத்துப் பத்து பெனால்டியும் கோல். கடைசியில் கீப்பர்களே அடிக்க வேண்டி வந்தது. கெல்லஹர் அடித்தது மேல் மூலையில் இறங்கியது, கெபா அடித்தது கம்பத்துக்கு மேலே பறந்தது. அன்று எனக்கு இருவர்மேலும் ஒரே அளவு பாசம்.

லிவர்பூலில் பத்து வருடம் இருந்துவிட்டு 2025-இல் கெல்லஹர் பிரென்ட்ஃபோர்டுக்குப் போனார், முதல் கீப்பராக. அப்போது வயது 26. இன்னும் பதினைந்து வருடம் ஆடலாம்.