கையெழுத்துப் போடாத சத்தம்

அந்த மாருதி 800-ன் சத்தம் மேனிஃபோல்ட் கேஸ்கெட்டில், அதாவது இஞ்சின் புகை வெளியேறும் குழாய் இஞ்சினோடு சேரும் இடத்து அடைப்பில் இருந்துதான் வருகிறது என்று அன்றைக்கு வாயால் சொன்னேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். அதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னார் வண்டிக்காரர். "சத்தத்தை வச்சு எழுதித் தர முடியாது சார்" என்றேன். "அப்போ வாயால சொல்றதுக்கு என்னப்பா அர்த்தம்?" என்றார். கோபத்தில் கேட்ட கேள்வி இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அவர் கையில் ஏற்கெனவே ஒரு தாள் இருந்தது. வேறொரு பட்டறையில் கொடுத்த எஸ்டிமேட். பிஸ்டன் லூஸ், இஞ்சின் இறக்கி ரீபோர் (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவது), பிஸ்டன் செட், பேரிங் செட், ஹெட் வேலை என்று வரிசையாக எழுதி, கீழே தொகையும் போட்டிருந்தது. ஓய்வு பெற்றவர். மனைவியை மாதா மாதம் கடலூரில் இருந்து புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கு அழைத்துப் போய் வருவது அந்த வண்டியில்தான். வெளியூரில் இருக்கும் மகன் அந்த எஸ்டிமேட்டைப் பார்த்துவிட்டு, வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிடச் சொல்கிறார். அந்தத் தாளுக்குப் பதிலாகக் காட்ட அவருக்கு இன்னொரு தாள் வேண்டும்.

வண்டியின் கோளாறைச் சொல்லிவிடுகிறேன். கார்ப்பரேட்டர் மாடல். காலையில் முதல் ஸ்டார்ட்டில் டிக்-டிக்கென்று ஆரம்பிக்கும். ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் கூடும். நாலைந்து நிமிடத்தில் தேய்ந்து, இஞ்சின் சூடேறியதும் காணாமல் போகும். பழைய வண்டியில் எனக்கு மிகவும் சங்கடம் தரும் சத்தம் இதுதான். சூட்டில் வரும் சத்தம் நம் முன்னாலேயே நின்று பேசும். குளிரில் மட்டும் வரும் சத்தத்துக்கு ராத்திரி முழுக்க வண்டியை நிறுத்திவைத்து, காலையில் அந்த நாலு நிமிடத்துக்குள் எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும். தவறவிட்டால் அடுத்த நாள் காலைதான்.

ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் ஆயில் குச்சியை எடுத்துப் பார்க்க வேண்டும். அளவு குறைந்திருந்தாலே வால்வை இயக்கும் டப்பெட் சத்தம் போடும். பாதிப் பேர் அதோடு வீட்டுக்குப் போய்விடலாம். அளவோடு கனத்தையும் பார்க்க வேண்டும். சத்தத்தை அமுக்குவதற்காகக் கெட்டி ஆயிலோ, டப்பாவில் வரும் திக்கனரோ ஊற்றியிருந்தால் அதற்குப் பிறகு செய்யும் எந்தச் சோதனையும் நம்பத் தகுந்ததில்லை. அதை வடித்துவிட்டு, புது ஃபில்டரும் அந்த வண்டிக்குரிய கிரேடு ஆயிலும் போட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். வடித்த ஆயிலை வெயிலில் வைத்து ஆட்டிப் பாருங்கள். பளபளவென்று செதில் மிதந்தால் பேரிங் உரிய ஆரம்பித்துவிட்டது. பழைய ஃபில்டரை அறுத்து மடிப்புகளை விரித்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். இவருடைய ஆயிலில் அப்படி எதுவும் இல்லை.

அடுத்தது பெல்ட். இந்த இஞ்சினில் ஆல்டர்னேட்டரையும் வாட்டர் பம்பையும் ஒரே வி-பெல்ட்தான் சுற்றுகிறது. அதைக் கழற்றிவிட்டு அரை நிமிடம் ஓட விட்டால் போதும், சத்தம் இஞ்சினுக்குள்ளா வெளியிலா என்று தெரிந்துவிடும். தண்ணீர் சுற்றாததால் அதற்கு மேல் ஓட்டக்கூடாது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு கடலூரில் இந்த ஒரு சோதனையே பல இஞ்சின்களைக் காப்பாற்றியது. தண்ணீரில் நின்ற வண்டிகளில் ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப் பேரிங்கின் கிரீஸ் கெட்டுப்போய்க் கரகரவென்று கத்தும். கேட்கிறவர் காதுக்கு அது இஞ்சினுக்குள் இருக்கும் கிராங்க் பேரிங் போலவே இருக்கும்.

இவருடைய வண்டியில் பெல்ட்டைக் கழற்றிய பிறகும் சத்தம் அப்படியே இருந்தது. அடுத்து ப்ளக் வயர். இன்சுலேஷன் உள்ள பிளையரால் ஒவ்வொரு வயராக எடுத்து, ஸ்பேர் ப்ளக்கில் மாட்டி பாடியில் எர்த் கொடுக்க வேண்டும். வயரைச் சும்மா தொங்கவிட்டால் இக்னிஷன் காயில் கெட்டுப்போகும். ஒரு சிலிண்டர் வேலையை நிறுத்தும்போது சத்தம் மாறவே இல்லை என்றால் டப்பெட், கேம், மெக்கானிகல் ஃப்யூயல் பம்ப் லீவர் பக்கம் போக வேண்டும். குறைந்தால், எரிந்த வாயுவின் அழுத்தத்தைச் சுமக்கும் இடங்களில் ஏதோ ஒன்று: ராட் பேரிங் (பிஸ்டன் தண்டு கிராங்கோடு சேரும் இடம்), பிஸ்டன், அல்லது அந்த வாயு வெளியேறும் பாதை. பிஸ்டனையும் தண்டையும் இணைக்கும் கஜன் பின்னாக இருந்தால், குறையாமல் இரட்டைத் தட்டாகக் கூடுவதும் உண்டு. இவருக்கு இரண்டாவது சிலிண்டர் வயரை எடுத்ததும் டிக் பெருமளவு அடங்கியது.

ராட் பேரிங்கை முதலில் தள்ளினேன். அது சூடேற ஏற ஆயில் இளகி மோசமாகுமே தவிர, இப்படி மறையாது. ஆனாலும் காதை மட்டும் நம்பவில்லை. ஆயில் பிரஷர் ஸ்விட்சைக் கழற்றி அந்த இடத்தில் மெக்கானிகல் கேஜ் மாட்டி, நன்றாகச் சூடான பிறகு பார்த்தேன். ஆயிரம் ஆர்பிஎம்முக்குச் சுமார் 10 பி.எஸ்.ஐ. என்பது பட்டறைக் கணக்கு; அதற்கு மேலேயே நின்றது. டேஷ்போர்டில் ஆயில் விளக்கு எரியவில்லை என்பதை ஆதாரமாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. பிரஷர் கிட்டத்தட்ட அடியோடு விழுந்த பிறகுதான் அது எரியும். அதற்குள் பேரிங் போய்விட்டிருக்கும்.

மிச்சம் இரண்டு. பிஸ்டன் ஸ்லாப், அதாவது பிஸ்டன் ஆடிச் சிலிண்டர் சுவரில் தட்டுவது; எக்ஸாஸ்ட் லீக், அதாவது மேனிஃபோல்டில் புகை கசிவது. இந்த இரண்டையும் பிரிப்பதுதான் கஷ்டம். பிஸ்டன் அலுமினியம், குளிரில் சுருங்கி போரில் (சிலிண்டர் துளையில்) ஆடும், சூடேறினால் விரிந்து இடைவெளி மூடும். மேனிஃபோல்ட் வார்ப்பிரும்பு, அதுவும் சூட்டில் விரிந்து கேஸ்கெட் இடுக்கை அடைத்துக்கொள்ளும். ஏறக்குறைய ஒரே நேரத்தில் தொடங்கி ஒரே நேரத்தில் அடங்கும். ப்ளக் வயரை எடுத்தால் இரண்டுமே குறையும். காதுக்கும் ஒரே டிக்தான். அந்த எஸ்டிமேட்டை எழுதியவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் கேட்டதும் இதே சத்தத்தைத்தான்.

பிரிக்க வழி உண்டு. இரும்புக் கம்பியோ நீள ஸ்க்ரூ டிரைவரோ காதில் வைத்தால் தட்டும் சத்தம் பிளாக்கில் எங்கே என்று சொல்லும். காற்றுச் சத்தத்தை அது சொல்லாது. அதற்கு ஒரு முழம் ரப்பர் ஹோஸ் வேண்டும். ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையை மேனிஃபோல்ட் ஓரமாக ஃபேனுக்கும் பெல்ட்டுக்கும் படாமல் மெதுவாக நகர்த்தினால், லீக் இருக்கும் போர்ட்டுக்கு (சிலிண்டர் புகை வெளிவரும் வாய்க்கு) நேராக வந்ததும் புஸ்-புஸ்ஸென்று காதிலேயே அடிக்கும். உதவிக்கு ஒரு ஆள், கனத்த கோணியால் சைலன்ஸர் வாயை இரண்டு வினாடி அடைத்தால் லீக் இருக்கும் இடம் இன்னும் சத்தமாகும்; ஸ்லாப்பாக இருந்தால் அப்படிக் கூடாது. இங்கே இரண்டும் நடந்தது. கேஸ்கெட் ஓரத்தில் இரண்டாவது போர்ட்டுக்குக் கீழே விரல் அகலத்துக்குக் கரி படிந்திருந்தது. அந்தப் பக்க ஸ்டட்டில் (மேனிஃபோல்டை இறுக்கிப் பிடிக்கும் திருகுக் கம்பியில்) நட் துருவில் பாதியாகக் கரைந்துபோயிருந்தது. தேவனாம்பட்டினம், முதுநகர்ப் பக்கத்து வண்டிகளில் இது வழக்கம். உப்புக் காற்று முதலில் தின்பது மேனிஃபோல்ட் ஸ்டட்டையும் எர்த் வயர் முனையையும்தான்.

இத்தோடு நிறுத்தியிருந்தால் என் மனதும் தெளிவாக இருந்திருக்கும். முறையாகச் செய்ய வேண்டும் என்று கடைசிச் சோதனையையும் அடுத்த நாள் காலைக் குளிரில் செய்தேன். ப்ளக்கைக் கழற்றி, சிரிஞ்சில் 10 மில்லி இஞ்சின் ஆயிலை இரண்டாவது சிலிண்டருக்குள் விட்டு, ப்ளக் இல்லாமலே நாலு சுற்றுச் சுற்றிவிட்டு, ப்ளக்கைப் போட்டு ஸ்டார்ட் செய்ய வேண்டும். ஆயில் பிஸ்டனைச் சுற்றி மெத்தை போடும். ஸ்லாப் என்றால் புகை அடங்கும்வரை சத்தம் குறையும். லீக் என்றால் மாற்றமே இருக்கக் கூடாது. அன்று சத்தம் கொஞ்சம் குறைந்தது. நிற்கவில்லை, பாதியாகவும் ஆகவில்லை. ஆனால் குறைந்தது.

பக்கத்தில் நின்ற பையனுக்கு அந்த மாற்றம் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. பழைய போரில் லேசான ஸ்லாப் இருப்பது இயல்பு. லீக்கின் மேல் அதுவும் கொஞ்சம் சேர்ந்து கேட்டிருக்கிறது என்று கணக்குப் போட்டேன். சரியான கணக்குதான் என்று இப்போதும் நினைக்கிறேன். கம்ப்ரெஷன் கேஜிலும் மூன்று சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டின. வெளியே வந்து, "மேனிஃபோல்ட் லீக்தான் சார். இஞ்சின் இறக்க வேணாம். கேஸ்கெட் மாத்துவோம், ஓட்டலாம்" என்றேன். அப்போதுதான் எழுதித் தரச் சொன்னார்.

திறந்து பார்க்காத இடத்துக்குக் கையெழுத்துப் போடுவதில்லை என்பது என் பழக்கம். அதில் ஒரு நியாயம் இருக்கிறது. நாளை அந்த வண்டி அரியாங்குப்பம் பாலத்து மேல் நின்றால், உள்ளே மனைவியோடு அவர் மாட்டிக்கொண்டால், அந்தத் தாள் யாருக்குப் பயன்படும்? எழுதிய வார்த்தை, நிபந்தனைகளை உதிர்த்துவிட்டு "இஞ்சின் நல்லா இருக்கு" என்ற ஒற்றை வரியாகத்தான் மகனிடம் போய்ச் சேரும். ஆனால் வாயால் சொன்னதும் அப்படியே ஒற்றை வரியாகத்தான் போயிருக்கும். அதை நம்பி ஓட்டு என்று சொல்லத் தயங்காதவனுக்கு எழுத மட்டும் தயக்கம் என்றால், அந்தத் தயக்கம் யாரைக் காப்பாற்றுவதற்கு? இந்த இடத்தில் என் நியாயம் எனக்கே போதவில்லை.

இன்னொன்றும் பிறகு தோன்றியது. ஒருவேளை அது முழுக்க ஸ்லாப்பாகவே இருந்தாலும், குளிரில் மட்டும் கேட்டு, சூட்டில் அடங்கி, ஆயில் குடிக்காமல், கம்ப்ரெஷனும் பிரஷரும் சரியாக இருக்கும் இஞ்சினை உடனே இறக்க வேண்டியதில்லை. அப்படியே வருடக்கணக்கில் ஓடும். ஆக, காரணம் எதுவானாலும் "இப்போது இறக்கத் தேவையில்லை" என்பது நிற்கிறது. காரணத்தை எழுத முடியாவிட்டாலும் அந்த முடிவை எழுதியிருக்கலாம். அவருக்கு வேண்டியதும் அந்த முடிவுதான். வண்டி இன்னும் ஓடுகிறது, செம்மண்டலத்தில் பார்த்தேன். அதை எனக்குச் சாதகமான சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. இரண்டு காரணத்திலும் அது ஓடத்தான் செய்யும்.

கேஸ்கெட் வேலையை அவர் செய்துகொள்ளாமலே போய்விட்டார். அதில் உள்ள சிக்கலை முன்கூட்டியே சொல்லியிருந்தேன், அது அவரை மிரட்டியிருக்கலாம். துருப்பிடித்த ஸ்டட்டில் முந்தின நாளே துரு நீக்கும் ஆயில் விட்டு ஊறவைத்து, நட்டைக் கால் சுற்று முன்னும் பின்னுமாகத்தான் கழற்ற வேண்டும். அப்படியும் உடையலாம். அலுமினிய ஹெட்டில் உடைந்தால் நீட்டியிருக்கும் துண்டில் நட் வெல்டு வைத்து எடுக்கலாம்; மட்டத்தோடு உடைந்தால் டிரில் போட்டு புது மரை வைக்கும் த்ரெட் இன்சர்ட். மேனிஃபோல்ட் முகம் வளைந்திருந்தால் லேத்தில் கொடுத்து மட்டம் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் புதுக் கேஸ்கெட்டும் சில மாதத்தில் ஊதிவிடும். நடுவில் இருந்து ஓரத்துக்கு முறுக்கி, ஒருமுறை சூடாகி ஆறிய பிறகு மறுபடி முறுக்க வேண்டும்.

அதற்குப் பிறகு யார் கேட்டாலும் தாள் கொடுக்கிறேன். கேட்ட சத்தம், செய்த சோதனை, கேஜ் காட்டிய அளவு, திறந்து பார்க்காத பாகம் என்று நாலும் அதில் இருக்கும். அந்த நாலாவது வரி ஆட்களைப் பயமுறுத்துகிறது. "சம்ப் (இஞ்சினின் அடி ஆயில் தொட்டி) கழற்றிப் பார்க்கவில்லை" என்று படித்ததும், கழற்றியே பார்த்துவிடுங்கள் என்கிறார்கள். தேவையில்லாத வேலை அவர்கள் தலையில் விழுகிறது. அந்த வரியை எடுத்துவிடலாமா என்று யோசிப்பேன். எடுத்தால் மற்ற மூன்றும் பொய்யாகத் தெரியும்.

அவருக்கு அன்று நேர்மையாக ஒரு தாள் எழுதியிருந்தால், சத்தத்துக்கும் மேலே முதல் வரியாக வேறொன்றைத்தான் எழுதியிருக்க வேண்டும். மேனிஃபோல்டில் கசியும் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு மணமும் நிறமும் கிடையாது. பழைய வண்டியில் இஞ்சினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவில் உள்ள ஃபயர்வால் தகட்டின் ஓட்டைகளில் ரப்பர் காய்ந்து விழுந்திருக்கும். அந்த ஓட்டைகள் வழியாகவும் காற்று வரும் வழியிலும் புகை உள்ளே வரும். சிக்னலில் நிற்கும்போது கண்ணாடியை ஏற்றி வைக்காதீர்கள், தலைவலி வந்தால் உடனே வண்டியை விட்டு இறங்குங்கள் என்று வாயால் சொன்னேன். உடம்பு சரியில்லாத அம்மாவோடு பயணம் செய்கிற வண்டியைப் பற்றி அதே வரியைத் தாளில் படித்திருந்தால், மகன் அன்றைக்கே வண்டியை நிறுத்தச் சொல்லியிருப்பார். அல்லது அரை நாள் கேஸ்கெட் வேலைக்கு அப்பாவைச் சம்மதிக்க வைத்திருப்பார்.