ஸ்காபரோவில் நான் எடுத்த சத்தியப்பிரமாணம்

2024 ஏப்ரலில், பிரஜாவுரிமைச் சத்தியப்பிரமாணத்துக்கு நேரில் வருமாறு கனேடியக் குடிவரவுத் துறையிடமிருந்து மின்னஞ்சல் வந்தபோது, நான் முதலில் அழைத்தது தலவாக்கலையில் இருக்கும் அம்மாவைத்தான். அவர் சந்தோஷப்பட்டார், ஆனால் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப இங்க உள்ளது போயிருமா புள்ள?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை நான் எதிர்பார்த்திருந்தேன். இலங்கைச் சட்டப்படி, முன்கூட்டியே இரட்டைப் பிரஜாவுரிமைக்கு அனுமதி பெறாமல் வேறொரு நாட்டின் குடியுரிமையை விரும்பி ஏற்றுக்கொள்ளும் ஒருவர் இலங்கைப் பிரஜாவுரிமையை இழக்கிறார். பிறகு விண்ணப்பித்து அதை மீளப் பெறலாம். ஆனாலும் இடைப்பட்ட காலத்தில் அது நம்மிடம் இருக்காது என்று அம்மாவிடம் சொன்னேன்.

வேறு குடும்பங்களில் இது ஒரு நடைமுறைக் கேள்வியாக மட்டும் இருக்கலாம். எங்கள் வீட்டில் அப்படியல்ல. அப்பாவின் அப்பா நுவரெலியா மாவட்டத்தின் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்து, அதே தோட்டத்தில் உழைத்து, 1979இல் நாடற்றவராகவே இறந்தவர். 1948ஆம் ஆண்டின் இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டங்களில் உழைக்க இந்தியாவிலிருந்து வந்தவர்களின் வழிவந்த மலையகத் தமிழர்களில் பெரும்பாலானவர்களை ஒரே எழுத்தில் வெளியே நிறுத்தியது. அடுத்த ஆண்டு வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தவர்கள், 1946 ஜனவரி 1க்கு முன்னர் பத்து ஆண்டுகள், மணமானவர்களாயின் ஏழு ஆண்டுகள், தொடர்ச்சியாக இலங்கையில் வாழ்ந்ததை ஆவணங்களால் நிரூபிக்க வேண்டியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத தாத்தா யாரையோ கொண்டு விண்ணப்பத்தை எழுதுவித்தார். தோட்டத்துச் செக்ரோல் என்ற தொழிலாளர் பதிவேட்டில் ஒரு பெயரும் பிறப்புப் பதிவில் இன்னொரு பெயரும் இருந்ததால் அது ஏற்கப்படவில்லை என்று அப்பா சொல்வார். அப்பாவுக்கு உரிமை கிடைத்தது நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கிய 1988ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பிறகு, ஒரு சத்தியக் கடதாசியின் மூலம்தான். அந்தக் கடதாசியைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி, தகரப் பெட்டியின் அடியில் வைத்திருந்தார். நான் கைவிடப்போவது அதன் தொடர்ச்சியைத்தான் என்று அம்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கணவரின் அனுசரணையில் 2017இல் நிரந்தர வதிவுரிமையோடு நான் ரொறன்ரோ வந்து சேர்ந்தேன். கணவர் எனக்கு முன்பே கனேடியப் பிரஜை. மகள் இங்கேயே பிறந்தவள் என்பதால் அவளும் பிரஜை. வீட்டில் என் ஒருத்திக்குத்தான் விண்ணப்பம் தேவைப்பட்டது. விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் 1,095 நாட்கள் கனடாவில் உடலால் இருந்திருக்க வேண்டும் என்பதுதான் முதன்மையான நிபந்தனை. இதைக் கணக்கிட இணையத்தில் அரசின் கணிப்பான் இருக்கிறது. ஒவ்வொரு பயணத்தின் புறப்பட்ட தேதியையும் திரும்பிய தேதியையும் அதில் இட வேண்டும். புறப்பட்ட நாளும் திரும்பிய நாளும் கனடாவில் இருந்த நாட்களாகவே சேரும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. 2019இல் அப்பாவின் இறுதிக்கிரியைகளுக்காகப் போய்த் தங்கிய நாட்களையும் 2022இல் அம்மாவின் நோய்க்காகப் போன நாட்களையும், கடவுச்சீட்டிலிருந்த முத்திரைகளைப் பார்த்துப் பார்த்துப் பதிந்தபோது, தாத்தாவிடம் இப்படி ஒரு முத்திரைகூட இருந்திருக்காதே என்று நினைத்தேன். அவர் ஒருபோதும் அந்தத் தீவை விட்டு வெளியே போகவில்லை. ஆனால் போகாததை நிரூபிக்க அவரிடம் எதுவும் இருக்கவில்லை.

நாட்கள் சரியாக 1,095 ஆனதும் விண்ணப்பிக்காமல், சில வாரங்கள் மேலதிகமாகச் சேர்ந்த பின்பு விண்ணப்பிப்பதே நல்லது. ஒரு பயணத் தேதியில் தவறு நேர்ந்தால்கூட அந்த மேலதிக நாட்கள் கைகொடுக்கும். நான் 2023இன் தொடக்கத்தில் விண்ணப்பித்தேன். அப்போது கட்டணம் 630 டொலர். மொழித் தகைமைக்கு, வந்த புதிதில் படித்த, புதிதாகக் குடியேறியவர்களுக்கான லிங்க் ஆங்கில வகுப்பின் நான்காம் நிலைச் சான்றிதழ் போதுமானதாக இருந்தது. இருபது கேள்விகள் கொண்ட குடியுரிமைத் தேர்வை வீட்டிலிருந்தே இணையவழி எழுதினேன். பதினைந்து சரியாக இருக்க வேண்டும். அரசு இலவசமாகத் தரும் வழிகாட்டி நூலை இரண்டு முறை ஊன்றிப் படித்தவர்களுக்கு அது கடினமானதல்ல.

அந்தப் படிப்பின்போது கிடைத்த ஒரு செய்தி மனதை விட்டு அகலவில்லை. கனடாவுக்கென்று தனியான குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1947 ஜனவரி 1இல்தான்; அதுவரை இங்கிருந்தவர்களும் பிரித்தானியப் பிரஜைகளே. இரண்டு நாள் கழித்து ஒட்டாவாவின் உச்ச நீதிமன்றக் கட்டடத்தில் நடந்த முதல் வைபவத்தில், முதலாவது சான்றிதழைப் பெற்றுக்கொண்டவர் அன்றைய பிரதமர் மெக்கன்சி கிங். நாட்டின் பிரதமரே வரிசையில் நின்று, குடியேறி வந்தவர்களோடு சேர்ந்து, ஒரு தாளைக் கையில் வாங்கியிருக்கிறார். அதற்கு அடுத்த ஆண்டுதான் இலங்கையில் எங்கள் பெயர்கள் நீக்கப்பட்டன. இரண்டு நாடுகளும் ஏறத்தாழ ஒரே காலத்தில், தம் மக்கள் யார் என்று எழுத உட்கார்ந்திருக்கின்றன.

அழைப்பில் கொண்டுவர வேண்டியவை தெளிவாக எழுதப்பட்டிருந்தன: அழைப்பின் பிரதி, நிரந்தர வதிவுரிமை அட்டை, புகைப்படத்துடன் கூடிய அடையாள ஆவணம். விரும்பினால் தம் சமய நூலைக் கொண்டுவந்து அதைத் தொட்டுச் சத்தியம் செய்யலாம். சமயம் சாராமல் உறுதிமொழியாகவும் எடுக்கலாம். நான் உறுதிமொழியைத் தேர்ந்தேன். வாசகம் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் சொல்லப்படும் என்பதால், பிரெஞ்சு ஒலிப்பையும் பொருளையும் தமிழில் எழுதிவைத்து, சமையலறையில் நின்றபடி ஒரு வாரம் பழகினேன். பிரெஞ்சில் உச்சரிப்புப் பிசகினால் யாரும் குறை சொல்லப்போவதில்லை. என்றாலும் பொருள் தெரியாமல் ஒரு சத்தியத்தை ஒப்புவிக்க எனக்கு மனம் வரவில்லை.

அன்று காலை மண்டபத்தின் வாசலில் நீண்ட வரிசை. சேலை, அபாயா, தலைப்பாகை, கோட்டு என்று எல்லோரும் கோயிலுக்கு வருவதுபோல் உடுத்தி வந்திருந்தார்கள். பதிவு மேசையில் அலுவலர் என் ஆவணங்களைச் சரிபார்த்து, விண்ணப்பித்த பிறகு ஏதேனும் குற்ற வழக்கில் சிக்கியதுண்டா என்று கேட்டு, வதிவுரிமை அட்டையை வாங்கிக்கொண்டார். பல நாள் பணப்பையில் இருந்த அட்டை அது. அது போன பிறகு, உறுதிமொழி எடுக்கும்வரை என் கையில் எந்த நாட்டின் அட்டையும் இருக்கவில்லை. சட்டப்படி நான் அப்போதும் இலங்கைப் பிரஜைதான், கனடாவில் நிரந்தர வதிவாளர்தான் என்று அறிவு சொன்னது. இருந்தும் அந்த ஒரு மணி நேரமும் நான் தாத்தாவை நினைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு அலுவலர் சான்றிதழைக் காட்டி, பெயரும் பிறந்த தேதியும் சரிதானா என்று பார்க்கச் சொன்னார். இந்த இடத்தில் தயவுசெய்து அவசரப்படாதீர்கள். எனக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்றில்லை. குடும்பப் பெயருக்கான கட்டத்தில் இருப்பது அப்பாவின் பெயர். பல ஆண்டுகளுக்கு முன்பு ஓர் அலுவலகத்தில் என் ஆவணமொன்றில் அப்பாவின் பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிட்டார்கள். அதைத் திருத்த எட்டு மாதங்கள் அலைந்திருக்கிறேன். ஆகவே விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாகப் படித்தேன். பின்னால் வரிசை காத்திருந்தது. அந்த அலுவலர் பொறுமையாக, "நேரம் எடுத்துக்கொள்ளுங்கள், இது உங்களுடையது" என்றார். எல்லா எழுத்துகளும் இருந்தன.

வைபவம், அந்த நிலம் பூர்வகுடிகளுடையது என்பதை ஏற்றுச் சொல்வதோடு தொடங்கியது. தலைமை தாங்கிய நீதிபதி சுருக்கமாகப் பேசினார். எல்லோரும் எழுந்து வலக் கையை உயர்த்தினோம். மூன்றாம் சார்ள்ஸ் மன்னருக்கு விசுவாசமாக இருப்பேன் என்ற முதல் பகுதியைச் சொல்லும்போது, தாத்தாவும் பிறக்கும்போது இதே அரச வம்சத்தின் பிரஜையாகத்தானே பிறந்தார் என்ற எண்ணம் வந்தது. அடுத்த பகுதியில், முதற்குடிகள், இனுயிட், மெட்டி மக்களின் உரிமைகளையும் உடன்படிக்கை உரிமைகளையும் ஏற்று உறுதிசெய்யும் அரசமைப்பு உட்பட, கனடாவின் சட்டங்களைப் பின்பற்றுவேன் என்று வருகிறது. பூர்வகுடிப் பிள்ளைகளின் வதிவிடப் பள்ளிகளைப் பற்றி விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் பரிந்துரையை ஏற்று, 2021இல்தான் இந்த வரிகள் சேர்க்கப்பட்டன. நான் உரக்கச் சொன்னது இந்த வரிகளைத்தான். தலைமுறை தலைமுறையாக ஒரு மண்ணில் வாழ்ந்தவர்களைச் சட்டம் ஒன்றால் இல்லாதவர்களாக்க முடியும் என்பதை அறிந்த வீட்டிலிருந்து வந்தவள் நான். புதிதாக வருகிறவர்களின் வாயிலேயே பூர்வகுடிகளின் உரிமையைச் சொல்லவைப்பது, இந்த வாசகத்தில் ஆகச் சிறந்த செயல் என்று கருதுகிறேன்.

ஒவ்வொருவராக அழைத்துச் சான்றிதழ் தந்தார்கள். மின்சான்றிதழும் கேட்டுப் பெறலாம். நான் வேண்டுமென்றே தாளைத்தான் கேட்டிருந்தேன். உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்திட்டோம். தேசிய கீதத்தை இரு மொழிகளும் கலந்த வடிவில் பாடினோம். பள்ளியில் தினமும் பாடுகிற என் ஆறு வயது மகள், பார்வையாளர் இருக்கையிலிருந்து எங்கள் எல்லோரையும்விடச் சரியாகப் பாடினாள். பக்கத்து இருக்கையில் இருந்த எரித்திரியப் பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பற்றிக் குலுக்கினார். இருவருக்கும் பேச வார்த்தை வரவில்லை.

அதன் பிறகு செய்ய வேண்டியவை சில. கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்க, வைபவத்துக்குப் பின் குறைந்தது இரண்டு வேலைநாட்கள் பொறுத்திருக்க வேண்டும். விண்ணப்பத்தோடு சான்றிதழின் மூலப்பிரதியைக் கொடுக்க வேண்டும், பின்னர் அது திரும்பி வரும். பத்தாண்டுக் கடவுச்சீட்டுக்கு நான் 160 டொலர் கட்டினேன். வதிவுரிமை அட்டையைக் கொடுத்துவிட்டதால், கடவுச்சீட்டு வரும்வரை வெளிநாட்டுப் பயணம் எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். சமூகக் காப்புறுதி எண்ணின் பதிவிலும் பிரஜை என்று மாற்றிக்கொள்ள வேண்டும். வாக்காளர் பதிவை நான் அன்று இரவே செய்தேன். 1948க்குப் பின் தாத்தா வாக்களித்ததே இல்லை.

இரவு அம்மாவைக் காணொளியில் அழைத்துச் சான்றிதழைக் காட்டினேன். அவருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. "அப்பா பேரு எங்க இருக்கு?" என்று கேட்டார். விரல் வைத்துக் காட்டியதும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இலங்கைப் பிரஜாவுரிமையை மீளப் பெறும் விண்ணப்பத்தை இந்த மாதமே தொடங்கப்போகிறேன் என்றும், அதற்குத் தேவைப்படுகிறதோ இல்லையோ, அப்பாவின் சத்தியக் கடதாசியின் பிரதி ஒன்றை அனுப்பிவையுங்கள் என்றும் சொன்னேன். மறுநாள் தம்பி அதைப் படமெடுத்து அனுப்பியிருந்தான். மடிப்பு விழுந்த இடத்தில் மை மங்கியிருந்தது. அப்பாவின் பெயர் முழுவதும் தெரிந்தது.