மாவு மில்லில் ஒரு கேள்வி

தண்டையார்பேட்டை மாவு மில்லில் பக்கத்து வீட்டு அக்கா கேட்டாங்க: “இந்தக் கோதுமை குண்டா இருக்கு, அது சிறுசா இருக்கு. ஜாதி வேறயா, விளைஞ்ச மண்ணு வேறயா?”

ரொம்ப நல்ல கேள்வி. புது ரகம் உருவாக்குகிறவர்களும் இதையேதான் கேட்கிறார்கள். பல ரகங்களை ஒரே வயலில் வெவ்வேறு பாத்திகளில் விதைத்து அளப்பார்கள். கண்ணுக்குத் தெரியும் வேறுபாட்டில் மரபணுவின் பங்கு எவ்வளவோ, அதுதான் ஹெரிட்டபிலிட்டி. ஆயிரம் மணிகளின் எடை, செடியின் உயரம் இவற்றில் அது பொதுவாக அதிகம். மொத்த மகசூலில் பெரும்பாலும் குறைவு. தண்ணீர், உரம், மணி பால் பிடிக்கும் நேரத்து வெயில் எல்லாம் அதில் கை வைக்கும். அதனால் மகசூலை மட்டும் பார்த்து நல்ல செடியைப் பொறுக்குவது கஷ்டம். மணி எடையையும் சேர்த்துப் பார்க்கணும்.

உயரத்தின் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஜப்பானின் நோரின் 10 ரகத்திலிருந்து வந்த குட்டை மரபணுக்களை அமெரிக்க வேளாண் விஞ்ஞானி நார்மன் போர்லாக் மெக்சிகோ கோதுமையில் சேர்த்தார். நம்ம கும்பகோணத்துக்காரர் எம்.எஸ். சுவாமிநாதன் 1960-களில் அந்தக் கோதுமையை இந்திய வயல்களுக்குக் கொண்டுவர முன்னின்றார். உரம் போட்டாலும் சாயாத செடி அது!

அப்புறம் ஒன்று. ஹெரிட்டபிலிட்டி மாறாத எண் இல்லை. மரபில் ஒரே மாதிரியான செடிகளை மட்டும் விதைத்தால் அது பூஜ்யம்தான். தேர்ந்தெடுக்க எதுவும் இருக்காது. சம்பா கோதுமை போன்ற பழைய ரகங்களின் விதையைக் காப்பாற்றணும் என்று நான் விடாமல் சொல்வது இதனால்தான்.