டிஸ்க் போச்சுன்னு சொன்னாங்க, ஆனா அது நல்லாத்தான் இருந்துச்சு

தீபாவளிக்கு இன்னும் 9 நாள்தான் இருந்துச்சு. நான் சிங்கப்பூர்ல, யீஷூன்ல வீட்லேர்ந்தே முறுக்கு, அதிரசம், நெய் உருண்டை எல்லாம் செஞ்சு ஆர்டருக்குக் குடுக்கறேன், யாருக்கு எத்தனை பாக்கெட், யார் முன்பணம் குடுத்தாங்க, எந்த புளோக்குக்கு எந்த நாள் கொண்டு போகணும், எல்லாமே லேப்டாப்ல ஒரே எக்ஸெல் ஃபைல்ல இருக்கு. வருமான வரிக்கு 5 வருஷக் கணக்கு வெச்சிருக்கணும்ல, அதுவும் அதே லேப்டாப்லதான். வேற எங்கயும் காப்பி இல்ல.

அன்னிக்கு ராத்திரி அப்டேட் ஓடிட்டு இருக்கறப்போ லேப்டாப் சுத்திட்டே இருந்துச்சு, ஒரு மணி நேரம் பாத்துட்டு பவர் பட்டனை அழுத்திப் பிடிச்சு ஆஃப் பண்ணிட்டேன். காலைல ஆன் பண்ணா நீல ஸ்க்ரீன். பூட் கான்ஃபிகரேஷன் டேட்டா காணோம் இல்லன்னா அதுல தப்பு இருக்குன்னு போட்டு கீழ ஒரு எரர் நம்பர்.

ஒரு ரிப்பேர் கடைக்குத் தூக்கிட்டுப் போனேன். அவரு ஒரு தம்ப் டிரைவை சொருகி ரெண்டு நிமிஷம் பாத்துட்டு, டிஸ்க்கே தெரியல, டிஸ்க் செத்துப்போச்சு, புது டிஸ்க் போட்டு விண்டோஸ் ஏத்தித் தர 280 வெள்ளி, உள்ள இருக்கற ஃபைலெல்லாம் வராதுன்னு சொல்லிட்டாரு. எம்ஆர்டில வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் யார் யார் என்ன ஆர்டர் குடுத்தாங்கன்னு ஞாபகத்துலேர்ந்து ஒரு பேப்பர்ல எழுதிட்டே வந்தேன், பாதிகூட வரல.

ஊர்ல என் தம்பி கம்ப்யூட்டர் சர்வீஸ் பண்றான், தஞ்சாவூர்ல. அவனுக்கு ஃபோன் பண்ணி நீல ஸ்க்ரீன் ஃபோட்டோவை அனுப்பினேன். பாத்த உடனே, "அக்கா, டிஸ்க் சாகல. பூட் டேட்டா காணோம்னு சொல்ற அந்த குட்டி புரோகிராமே டிஸ்க்லதான் இருக்கு. டிஸ்க் செத்திருந்தா இந்த மெசேஜே வந்திருக்காது"ன்னான். அப்புறம் எஃப் 2 அழுத்தி, விண்டோஸுக்கு முன்னாடி வர்ற செட்டிங் ஸ்க்ரீனான பயாஸுக்குள்ள போகச் சொன்னான், அங்க எஸ்எஸ்டியோட, அதாவது என் டிஸ்க்கோட, மாடல் பேரும் 512 ஜிபின்னும் தெளிவா இருந்துச்சு. அப்பதான் எனக்கு மூச்சே வந்துச்சு.

அப்புறம் ஏன் கடைக்காரருக்குத் தெரியலன்னு கேட்டேன். என் லேப்டாப் இன்டெல் 11ஆம் தலைமுறை. அந்தத் தலைமுறையிலேர்ந்து நிறைய லேப்டாப்ல விஎம்டின்னு டிஸ்க்கைக் கையாள்ற ஒரு இன்டெல் வசதி ஆன்ல இருக்குமாம், எஸ்எஸ்டி அதுக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கும், அதுக்குண்டான டிரைவர் இல்லாம தம்ப் டிரைவ்லேர்ந்து பூட் பண்ணா டிஸ்க் கண்ணுக்கே தெரியாதாம். இதை நான் அழுத்திச் சொல்றேன், ஏன்னா இந்த ஒரு விஷயம் தெரியாமத்தான் எத்தனை பேரு நல்ல டிஸ்க்கைக் கழட்டிப் போட்டிருப்பாங்களோ. பயாஸ்ல போய் விஎம்டியை ஆஃப் பண்ணுங்கன்னு சில வீடியோல சொல்றாங்க, தம்பி அதைத் தொடவே வேணாம்னுட்டான், ஆஃப் பண்ணா ஏற்கெனவே இருக்கற விண்டோஸும் பூட் ஆகாம வேற எரர் காட்டும், எது எதனால வந்துச்சுன்னு குழப்பமாயிடும்னான்.

தம்ப் டிரைவ் ரெடி பண்ண இன்னொரு கம்ப்யூட்டர் வேணும். வீட்டுக்காரரோடது ஆபீஸ் லேப்டாப், அதுல யூஎஸ்பி லாக் பண்ணி வெச்சிருக்காங்க. எதிர்வீட்டு மாக்சிக் (மலாய்க்கார அம்மா) கிட்ட கேட்டேன், அவங்க மகனோட லேப்டாப்பை உடனே எடுத்துக் குடுத்தாங்க. தம்ப் டிரைவ் குறைஞ்சது 8 ஜிபி இருக்கணும், நான் புதுசா 32 ஜிபி ரெண்டு வாங்கினேன், ஒண்ணு பூட் பண்ண, ஒண்ணு ஃபைலைக் காப்பாத்த. விண்டோஸ் 11 மீடியா கிரியேஷன் டூலை டவுன்லோட் பண்ணி ஓடவிட்டா மீதியை அதுவே பாத்துக்கும், தம்ப் டிரைவ்ல முன்னாடி இருந்ததெல்லாம் அழிஞ்சுடும், அதனால படம் கிடம் இருக்கற பழசை எடுக்காதீங்க. அது முடிஞ்சதும் லேப்டாப் கம்பெனி வெப்சைட்ல என் மாடல் நம்பரைப் போட்டு, ஸ்டோரேஜ் பிரிவுல இன்டெல் ரேப்பிட் ஸ்டோரேஜ் டிரைவரை எடுத்து, இன்ஸ்டால் பண்ணாம எக்ஸ்ட்ராக்ட் மட்டும் பண்ணி, அந்த ஃபோல்டரை அதே தம்ப் டிரைவ்லயே போட்டேன்.

ராத்திரி பத்தரைக்கு உக்காந்தோம், அவனுக்கு எட்டு மணி. தம்ப் டிரைவைச் சொருகிட்டு ஆன் பண்ண உடனே எஃப் 12ஐ விடாம தட்டினா பூட் மெனு வரும். மொதல் தடவை லேட்டா தட்டி மறுபடி நீல ஸ்க்ரீனுக்கே போச்சு, ரெண்டாவது தடவை வந்துச்சு. கம்பெனிக்குக் கம்பெனி இந்த கீ மாறும், எஃப் 9 இருக்கும், எஸ்கேப் இருக்கும், உங்க மாடலுக்கு என்னன்னு முன்னாடியே பாத்து வெச்சுக்கங்க. பாஷை, கீபோர்டு எல்லாம் கேட்டு முடிச்சதும் ரெண்டு சாய்ஸ் வந்துச்சு, விண்டோஸ் 11 இன்ஸ்டால் பண்றதா, ரிப்பேர் மை பிசியான்னு. இங்கதான் கவனம், "ரிப்பேர்தான் அக்கா, இன்ஸ்டால் கிட்டயே போகாதீங்க"ன்னு தம்பி நாலு தடவை சொன்னான்.

டிரபிள்ஷூட்டுக்குள்ள கமாண்ட் பிராம்ப்ட், கட்டளையை டைப் பண்ற கறுப்பு ஜன்னல். அதுல டிஸ்க்குகளைப் பாக்கற டிஸ்க்பார்ட்ல லிஸ்ட் டிஸ்க்னு அடிச்சா தம்ப் டிரைவ் மட்டும்தான் தெரிஞ்சுது. கடைக்காரரும் இதைத்தான் பாத்திருப்பாரு. வெளிய வந்து டிஆர்வி, லோட், ரெண்டையும் சேத்து ஒரே வார்த்தையா அடிச்சு, பின்னாடி அந்த டிரைவர் ஃபோல்டர்ல இருக்கற ஐஎன்எஃப் ஃபைலோட பாதையைக் குடுத்தேன். சக்சஸ்ஃபுலி லோடட்னு வந்துச்சு. மறுபடி லிஸ்ட் டிஸ்க். 476 ஜிபின்னு என் டிஸ்க் அங்க நின்னுச்சு. 512தான், விண்டோஸ் எண்ற கணக்குல 476ன்னு காட்டும். நான் சத்தம் போட்டதுல தூங்கிட்டிருந்த பொண்ணு எழுந்து வந்து "என்னம்மா ஆச்சு?"ன்னா.

ஆனா உள்ள போக முடியல, பூட்டியிருந்துச்சு. பிட்லாக்கர், டிஸ்க்கைப் பூட்டி வெக்கற விண்டோஸ் வசதி. நான் எப்பவுமே ஆன் பண்ணதில்ல, மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் போட்டு லாகின் பண்றப்பவே பல லேப்டாப்ல தானா ஆன் ஆயிடுமாம். நல்ல வேளையா ரெகவரி கீயும் அதே அக்கவுண்ட்ல சேந்திருக்கும், ஃபோன்ல லாகின் பண்ணிப் பாத்தா ரெண்டு கீ இருந்துச்சு, ஒண்ணு பழைய லேப்டாப்போடது, கீ ஐடியை ஒப்பிட்டுச் சரியானதை எடுத்தேன். 48 இலக்கம், ஆறு ஆறா எட்டுத் தொகுதி. பொண்ணு வாசிக்க வாசிக்க நான் அடிச்சேன்.

அடுத்தது ரிப்பேர் இல்ல, ஃபைல். இதுல தம்பி ரொம்பக் கண்டிப்பா இருந்தான். கமாண்ட் பிராம்ப்ட்லேயே நோட்பேடுன்னு அடிச்சா நோட்பேட் திறக்கும், அதுல ஃபைல், ஓப்பன் போய், கீழ ஆல் ஃபைல்ஸ்னு மாத்திட்டா ஒரு குட்டி எக்ஸ்ப்ளோரர் மாதிரி எல்லாம் தெரியும். ரைட் கிளிக் பண்ணி காப்பி, ரெண்டாவது தம்ப் டிரைவ்ல பேஸ்ட். எத்தனை சதவீதம் ஆச்சுன்னு எதுவும் காட்டாது, தொங்கிப்போன மாதிரி இருக்கும், அப்படியே விட்டுடணும். இன்னொண்ணு, இங்க டிரைவ் எழுத்தெல்லாம் மாறியிருக்கும், எனக்கு தம்ப் டிரைவ் சி ஆகவும் என் டிஸ்க் டி ஆகவும் இருந்துச்சு, பழக்கதோஷத்துல சின்னு அடிச்சுடாதீங்க.

எக்ஸெல் ஃபைல் தம்ப் டிரைவ்ல வந்து உக்காந்தப்புறம்தான் மீதி. டிஸ்க்பார்ட்ல 100 எம்பி, ஃபேட் 32ன்னு இருக்கற சின்ன வால்யூமுக்கு எஸ்னு எழுத்து குடுத்து, அதுக்குள்ள இருந்த பழைய பிசிடி ஃபைலுக்கு (அதுதான் அந்த பூட் டேட்டா) வேற பேர் வெச்சுட்டு, பூட் ஃபைலைப் புதுசா எழுதற பிசிடிபூட் கமாண்ட்ல என் விண்டோஸ் ஃபோல்டரையும் எஸ்ஸையும், பூட் ஆகற முறை யூஇஎஃப்ஐன்னும் குடுத்து ஓட்டினேன். அந்தச் சின்ன வால்யூமை ஃபார்மட் பண்ணச் சொல்றவங்களும் இருக்காங்க, வால்யூம் நம்பரை ஒண்ணு தப்பா அடிச்சா எல்லாம் போயிடும்னு தம்பி அந்தப் பக்கம் போகவிடல. பூட் ஃபைல்ஸ் உருவாயிடுச்சுன்னு ஒரே வரி வந்துச்சு.

தம்ப் டிரைவைக் கழட்டி ரீஸ்டார்ட் பண்ணா இன்னொரு தடவை அந்த 48 இலக்கத்தைக் கேட்டுச்சு, அடிச்சேன், கொஞ்ச நேரம் சுத்துச்சு, அப்புறம் என் டெஸ்க்டாப். மணி ஒண்ணே கால். தம்பி ஃபோன்லயே இருந்தான், "ஃபைலைத் திறந்து பாருங்கக்கா, அப்புறம் வெக்கறேன்"னான். திறந்தேன், 63 ஆர்டரும் இருந்துச்சு. உட்லண்ட்ஸ்ல ஒருத்தங்க 40 பாக்கெட் முறுக்குக்கு முன்பணம் குடுத்திருந்தாங்க, என் பேப்பர்ல அவங்க பேரே இல்ல.

ரெகவரி கீயை அப்பவே ஆர்டர் நோட்டோட மொத பக்கத்துல எழுதி வெச்சேன். காலைல மாக்சிக் மகனோட லேப்டாப்பைத் திருப்பிக் குடுக்கப் போறப்போ, மொத ஈடு நெய் உருண்டை ஒரு டப்பா கொண்டு போனேன்.