இ.ஜி.ஆர். சென்சார் கோடு வந்தால் முதலில் மூன்று ஒயரைப் பாருங்கள்

டீசல் காரில் செக் எஞ்சின் விளக்கு எரியும். ஸ்கேனரைப் போட்டால் பி0405 அல்லது பி0406 என்று பழுதுக் கோடு (code) வரும். "இ.ஜி.ஆர். போச்சு, புது வால்வு போடணும்" என்று உடனே எஸ்டிமேட்டும் வந்துவிடும். அவசரப்படாதீர்கள். இ.ஜி.ஆர். என்பது எஞ்சினின் புகையில் கொஞ்சத்தைத் திரும்ப உள்ளே விடும் வால்வு. அந்தக் கோடு சொல்வது ஒன்றே ஒன்றுதான்: வால்வு எவ்வளவு திறந்திருக்கிறது என்று காட்டும் சென்சாரின் வோல்டேஜ் எல்லைக்குக் கீழே போய்விட்டது (0405), அல்லது மேலே போய்விட்டது (0406). சென்சார் கெட்டிருந்தாலும் இப்படி வரும், ஒயர் அறுந்திருந்தாலும் வரும், கனெக்டரில் களிம்பு பிடித்திருந்தாலும் வரும்.

இதே குடும்பத்தில் உள்ள மற்ற கோடுகளின் கதை வேறு. 0401 என்றால் புகை போதுமான அளவு திரும்பவில்லை. 0402 என்றால் அதிகமாகத் திரும்புகிறது. 0403 வால்வை இயக்கும் மின்சுற்றுக் கோளாறு. 0404 என்றால் கேட்ட அளவுக்கு வால்வு நகரவில்லை, அநேகமாகக் கரி.

இந்த வால்வு வெளியேறும் புகையில் ஒரு பங்கை மறுபடி எஞ்சினுக்குள் விட்டு, எரியும் சூட்டைக் குறைக்கிறது. நைட்ரஜன் ஆக்சைடு குறைவது அதனால்தான். ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதிக்கும்போது வால்வு மூடிவிட வேண்டும். கரி ஏறித் திறந்தபடியே சிக்கிக்கொண்டால் புளியரை மலைச்சாலையின் எஸ் வளைவில் வண்டி இழுக்காது, கரும்புகை தள்ளும், ஐடிலில் உதறும். மூடியபடி சிக்கினால் விளக்கைத் தவிர ஓட்டுபவருக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. நெல்லை ஜங்ஷனுக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே மட்டும் ஊர்ந்து ஓடும் வண்டியில்தான் கரி சீக்கிரம் சேரும், ஏனென்றால் குறைந்த வேகத்தில், லேசான மிதியில்தான் வால்வு அதிகம் திறக்கிறது.

சோதனைக்கு வருவோம். பழுதுக் கோடை ஸ்கேனரில் அழிக்கும் முன் ஃப்ரீஸ் ஃப்ரேமைக் குறித்துக்கொள்ளுங்கள்: எந்த ஆர்.பி.எம்.மில், எந்தச் சூட்டில் வந்தது என்று அதில் இருக்கும். பிறகு எஞ்சின் ஆறட்டும்.

முதலில் கண்ணால் பாருங்கள். அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி பக்கம் வயல் ஓரம் நிற்கும் வண்டிகளில், அறுப்பு முடிந்ததும் எலி பானெட்டுக்குள் குடியேறிவிடும். ஒயரின் மேலுறையில் பல் பட்டிருக்கிறதா என்று டார்ச் அடித்துத் தேடுங்கள். திருச்செந்தூர், உவரி போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று. கனெக்டரின் பின்னில் பச்சைக் களிம்பு இருந்தால் காண்டாக்ட் கிளீனர் அடித்துக் காயவிடுங்கள். பாதிப் பழுது இங்கேயே பிடிபட்டுவிடும் என்பது என் கணக்கு.

பிடிபடவில்லை என்றால் மல்டிமீட்டரை 20 வோல்ட் டி.சி.யில் வையுங்கள். எலக்ட்ரிக் வால்வில் பெரும்பாலும் 5 பின்: இரண்டு மோட்டாருக்கு, மூன்று சென்சாருக்கு (5 வோல்ட் கொண்டுவரும் ரெஃபரன்ஸ், கிரவுண்டு, திறந்த அளவைச் சொல்லும் சிக்னல்). ஒயர் நிறம் வண்டிக்கு வண்டி மாறும், டயகிராம் இல்லாமல் குத்தாதீர்கள். கனெக்டரைக் கழற்றி, சாவியை ஆன் செய்து (எஞ்சின் ஓடக் கூடாது) ஒயர் பக்கம் அளந்தால் ரெஃபரன்ஸ் பின்னில் 5 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும். கனெக்டரைத் திரும்ப மாட்டிவிட்டு, பின்பக்கமாக மெல்லிய ஊசி விட்டு அளந்தால் கிரவுண்டுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே 0.1 வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. சிக்னல், வால்வு மூடியிருக்கையில் பொதுவாக 1 வோல்ட் பக்கமும், முழுதாகத் திறக்கையில் 4 வோல்ட்டுக்கு மேலும் வரும். சில பி.எஸ்.6 (புதிய மாசு விதி) வண்டிகளில் சிக்னல் டிஜிட்டல். அங்கே மீட்டர் உதவாது, ஸ்கேனர்தான்.

5 வோல்ட்டே வரவில்லையா? அதே லைனைப் பகிரும் வேறு சென்சார் ஷார்ட் ஆகியிருக்கலாம். ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள், எதைக் கழற்றும்போது 5 வோல்ட் திரும்புகிறதோ அதுதான் குற்றவாளி. இதைப் பார்க்காமல் வால்வை மாற்றினால் காசு போகும், கோடு போகாது.

5 வோல்ட்டும் கிரவுண்டும் சரி, சிக்னல் மட்டும் 0 என்றால் கனெக்டரைக் கழற்றி, ஒயர் பக்கம் ரெஃபரன்ஸையும் சிக்னலையும் ஒரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக இணையுங்கள். ஸ்கேனர் லைவ் டேட்டாவில் வோல்டேஜ் நன்றாக ஏறினால் ஒயரும் கம்ப்யூட்டரும் நலம், கோளாறு சென்சாரில். ஏறவில்லை என்றால் ஒயரைத் தேடுங்கள். விட்டுவிட்டு வரும் கோடு என்றால் லைவ் டேட்டாவைப் பார்த்தபடி ஒயர்க்கட்டை அசைத்துப் பாருங்கள். எண் துள்ளும் இடம்தான் முறிவு.

வோல்டேஜ் எல்லாம் சரி, ஆனால் மூடும்போது வால்வு பழைய இடத்துக்கு வரவில்லை என்றால் கரி. வால்வைக் கழற்றி, கார்பன் கிளீனரை கரி பிடித்த பக்கம் மட்டும் அடியுங்கள். மோட்டார் பக்கம் இறங்கினால் உள்ளே இருக்கும் சென்சாரும் சேர்ந்து போகும். ஊறவிட்டு பிளாஸ்டிக் கத்தியால் சுரண்டுங்கள். ஸ்க்ரூடிரைவரால் நெம்பித் திறக்காதீர்கள், பல்சக்கரம் உடையும். பழைய கேஸ்கெட்டைத் திரும்பப் போடாதீர்கள். மாட்டிய பின், பல வண்டிகளில் ஸ்கேனர் வழியாக வால்வின் மூடிய நிலையைப் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் சுத்தமான வால்வுக்கும் 0404 வரும்.

புகை திரும்பும் வழியைத் தகடு வைத்து அடைத்துவிடலாம் என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. வேண்டாம். எரியும் சூடு ஏறும், நம் ஊர்க் காற்றில் நச்சு கூடும், புகை திரும்பாததைக் கவனித்து 0401-உம் வந்து நிற்கும்.