'தெரியவில்லை' என்று சொல்ல இடம் இல்லாத இன்டர்ஃபேஸ்

2017-இல் ஒரு பேருந்து முன்பதிவு மென்பொருளில் பேமென்ட் பகுதி என் கைக்கு வந்தது. ஜாவாவில் எழுதியது. கார்டு, நெட் பேங்கிங், நடத்துநரிடம் ரொக்கம் என்று மூன்று வழிகள். பணம் வாங்கும் இடம், ரசீது, ரத்து, தினக்கணக்கு என்று எங்கே திறந்தாலும் அதே இஃப்-எல்ஸ் சங்கிலிதான்: கார்டா, இதைச் செய், நெட் பேங்கிங்கா, அதைச் செய்.

அதையெல்லாம் எடுத்துவிட்டு ஒரு இன்டர்ஃபேஸ் எழுதினேன். என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் சொல்லி, எப்படி என்று சொல்லாத ஒப்பந்தம் அது. பே, ரீஃபண்ட் என்று இரண்டே மெத்தட், அதாவது இரண்டே செயல்கள். ஒவ்வொரு வழிக்கும், அந்தச் செயல்களைத் தன் விதத்தில் செய்யும் ஒரு கிளாஸ். அழைக்கிற கோடு 'பே' என்று மட்டும் சொல்லும். எந்த கிளாஸின் 'பே' ஓட வேண்டும் என்பது ஓடும்போது முடிவாகும். ஒரே அழைப்புக்கு ஒவ்வொரு கிளாஸும் தன் விதத்தில் நடந்துகொள்ளும் இதற்குப் பெயர் பாலிமார்ஃபிசம். கல்லூரியில் நாய் குரைக்கும், பூனை கத்தும் என்று அதைச் சொல்லிக் கொடுத்தார்கள். அது எப்படி நடக்கிறது என்று அன்றே புரிந்தது. எதற்கு என்பது, நாலு கோப்புகளிலிருந்து அந்தச் சங்கிலியை அழித்த அன்றுதான் புரிந்தது.

அப்புறம் யுபிஐ கேட்டார்கள். 2016-இல் அறிமுகமாகி வேகமாகப் பரவிக்கொண்டிருந்த நேரம். ஒரு கிளாஸ் சேர்த்தால் போதும், இரண்டு நாள் வேலை என்று சொல்லிவிட்டேன்.

ஆனால் யுபிஐயில் நாம் கோரிக்கை அனுப்ப வேண்டியிருந்தது. பயணி தன் போனில் பின் நம்பர் போட வேண்டும். உடனே போடலாம், ஐந்து நிமிடம் கழித்துப் போடலாம், போடாமலும் விடலாம். என் 'பே' மெத்தடோ பூலியன், அதாவது இரண்டே மதிப்புள்ள பதிலைத் திருப்புவது. வெற்றி அல்லது தோல்வி. 'இன்னும் தெரியவில்லை' என்பதற்கு அதில் இடமே இல்லை. பதில் வரும்வரை உள்ளேயே காத்திருக்கும்படி எழுதினேன். தீபாவளி முன்பதிவில், காத்திருக்கும் திரெட்டுகள் (சர்வரில் ஒவ்வொரு கோரிக்கையையும் கவனிக்கும் வேலை இழைகள்) குவிந்து சர்வர் நின்றுபோனது.

திருத்த உட்கார்ந்தபோதுதான் பெரிய விஷயம் கண்ணில் பட்டது. கார்டிலும் அந்த மூன்றாம் நிலை முதலிலிருந்தே இருந்திருக்கிறது. வங்கி பணத்தை எடுத்துவிடும், பதில் வரும் வழியில் இணைப்பு அறுந்துவிடும். என் கோடு அதைத் தோல்வி என்று எழுதி வைத்தது. "சார், பணம் போயிடுச்சு, டிக்கெட் வரலை" என்று வாடிக்கையாளர் சேவைக்கு வந்த அழைப்புகளில் பல இதனால்தான். ஊருக்குப் போக வேண்டியவர்களின் பணம் அது. வங்கிப் பக்கக் கோளாறு என்றே அதுவரை நினைத்திருந்தேன்.

பூலியனை எடுத்துவிட்டு வெற்றி, தோல்வி, நிலுவை என்று மூன்று மதிப்புள்ள எனம் (enum, பெயரிட்ட மதிப்புகளின் பட்டியல்) வைத்தேன். பின்னால் நிலையைக் கேட்டறிய ஒரு மெத்தட் சேர்த்தேன். எல்லா கிளாஸையும் தொட வேண்டியிருந்தது.

ரீஃபண்டிலும் இதே மாதிரி ஒன்று. ரொக்கத்துக்கு ஆன்லைனில் ரீஃபண்ட் கிடையாது. அந்த கிளாஸ் எக்ஸெப்ஷன் (ஓட்டத்தை நிறுத்தும் பிழை) எறிந்தது, அதைத் தவிர்க்க யாரோ இது எந்த கிளாஸ் என்று கேட்கும் இன்ஸ்டன்ஸ்ஆஃப் போட்டார்கள், இஃப்-எல்ஸ் திரும்பி வந்துவிட்டது. ஒரு வகை நிற்கும் இடத்தில் அதன் துணைவகையை நிறுத்தினாலும் நிரல் பிசகக் கூடாது என்று கணினி அறிஞர் பார்பரா லிஸ்கோவ் 1987-லேயே பேசியிருக்கிறார். மெத்தட் பெயர் பொருந்துகிறதா என்று கம்பைலர் பார்த்துவிடும். சொன்னபடி நடக்கிறதா என்று அது பார்க்காது. ரீஃபண்டைத் தனி இன்டர்ஃபேஸாகப் பிரித்தேன். எல்லா கிளாஸும் கடக்க வேண்டிய ஒரே டெஸ்ட் தொகுப்பையும் எழுதினேன்.

அடுத்து ஒரு வாலட் சேர்க்க வேண்டி வந்தது. புதிதாகச் சேர்ந்திருந்த பெண் அந்த டெஸ்டுகளைப் படித்துவிட்டு என் மேசைக்கு வந்தார். "பதிலே வரலைன்னா இந்த வாலட் என்ன சொல்லும்?" என்று கேட்டார். இருவரும் உட்கார்ந்து அதைத்தான் முதலில் எழுதினோம்.